'இல்லை' சொல்லாத கடை

கேளுங்கள். ராஜாக்கள் ஆண்ட காலம்தான். ஆனால் இதில் ராஜா வரமாட்டார். கடலோரத்தில் மணற்குடி என்றொரு பட்டினம். அங்கே மருந்துச் சரக்குக் கடை வைத்திருந்த உமையாள் ஆச்சியின் கதை இது.

சுக்கு, திப்பிலி, கடுக்காய், அதிமதுரம் என்று சுவர் முழுக்க மரப்பெட்டிகள். உள்ளே நுழைந்தால் மூக்குக்குள் ஒரு காடே புகும். கணவர் போனபின் பதினெட்டு வருஷமாக ஆச்சிதான் அதை நடத்திவந்தாள்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். 'இல்லை' என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் லட்சுமி படியிறங்கிவிடுவாள் என்று மாமனார் காலத்து நம்பிக்கை. பெட்டி காலியானால், கடையாட்கள் "திப்பிலி நிறைஞ்சிருக்கு ஆச்சி" என்பார்கள். வாங்க வந்தவரிடம் "நாளைக்கு வரும்" என்பார்கள். பெட்டி உண்மையாகவே நிறைந்திருந்தாலும் ஆச்சியிடம் அதே சொல்தான். வருஷம் போகப் போக, எந்த 'நிறைவு' காலி, எந்த 'நிறைவு' நிஜம் என்று ஆச்சிக்கே தெரியாமல் போயிற்று.

கடை மெலிந்தது. முதலில் வெளியூர் வைத்தியர்கள் வருவதை நிறுத்தினார்கள். அப்புறம் உள்ளூர் வைத்தியர்கள். அப்புறம், பல்வலிக்கு ஒரு கிராம்பு கேட்கும் பக்கத்துத் தெருக்காரர்கள்கூட. தை பிறப்பதற்குள் நிமிராவிட்டால் கடையைக் கொழுந்தன்மாரிடம் விட்டுவிடுவது என்று குடும்பத்தில் முடிவாயிற்று. அவர்கள் அதை உப்புக் கிடங்காக்க நினைத்திருந்தார்கள். அந்தக் கடையை நம்பி ஒன்பது வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆச்சிக்கோ, அந்த மருந்து வாசனைதான் வாழ்க்கையில் மிஞ்சியிருந்த துணை.

வியாபாரம் சொல்லிக்கொடுக்கும் ஆசான்கள் ஊர் ஊராய்ப் போன காலம் அது. ஆச்சி சொல்லியனுப்பினாள். மூன்று பேர் வந்தார்கள். மூவரிடமும் ஒரே கேள்வி கேட்டாள்: "தை பிறக்கிறதுக்குள்ள என் கடையை நிமிர்த்திக் கொடுப்பீங்களா?"

முதல் ஆசான் பல்லக்கில் வந்தார்.

"நிமிர்த்துறதா? நிக்க இடம் போதாம தெருவையே வாங்கப் போறீங்க ஆச்சி!" என்றார். தம்மால் பெரிய மனிதரானவர்களின் பேரை அடுக்கினார். கேட்கக் கேட்க ஆச்சிக்கு இனித்தது.

"அதுல மருந்துக்கடைக்காரர் யாராவது உண்டா?"

"மருந்தா இருந்தா என்ன, மாடா இருந்தா என்ன? எல்லாம் வியாபாரந்தானே!"

இரண்டாம் ஆசான் ஓலைக்கட்டோடு வந்தார். அதில் பன்னிரண்டு விதிகள். உப்பு விற்கிறவனுக்கும் அதே பன்னிரண்டு, யானை விற்கிறவனுக்கும் அதே பன்னிரண்டு. "நிச்சயம் நிமிரும்" என்று சொல்லி, வாசலில் நின்றபடியே அத்தனையும் ஒப்பித்தார். உள்ளே வரவில்லை, மருந்து நெடி தும்மல் தரும் என்றார்.

மூன்றாம் ஆசான் மருதையன் நடந்தே வந்தார். காலில் புழுதி.

"நீங்க யாரைப் பெரிய ஆளாக்கினீங்க?" என்று சீண்டினான் தராசு பிடிக்கும் சேந்தன்.

"நான் கயித்துக்கடை வச்சிருந்தேன். மூடிட்டேன். ஏன் மூடினேன்னு புரிய நாலு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் மூணு பேர் கடை மூடாம கூட நின்னேன்."

"மிச்சக் கயிறு இருந்தா கொண்டாங்க, இந்தக் கடையையும் இழுத்துக் கட்டுவோம்" என்றான் சேந்தன். எல்லோரும் சிரித்தார்கள். மருதையனும் சிரித்தார்.

ஆச்சி தன் கேள்வியைக் கேட்டாள்.

"இல்லை ஆச்சி" என்றார் மருதையன். "நிமிர்த்த வேண்டியது நீங்க. என்ன கோளாறுன்னே எனக்கு இன்னும் தெரியாது."

தராசுத் தட்டு அந்தரத்தில் நின்றது. பதினெட்டு வருஷத்தில் அந்தக் கூரையின் கீழ் விழுந்த முதல் 'இல்லை' அது.

"என் கடைக்குள்ள வந்து என்ன வார்த்தை சொன்னீர்!" ஆச்சியின் முகம் சிவந்தது. "சேந்தா, தாம்பூலத் தட்டைப் பல்லக்குல வந்தவருக்கே எடுத்து வை. அவர்தான் நமக்கு ஆசான்."

மருதையன் படியிறங்கினார். தெருவில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு வந்தவள், கடையைக் கண்டதும் எதிர்ப்பக்கம் மாறி நடந்தாள். அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஆச்சி, அந்த அம்மா ஏன் ஒதுங்கிப் போறாங்கன்னு நீங்களே ஒரு வார்த்தை கேளுங்க. அப்புறம் தட்டை யாருக்கு வேணும்னாலும் கொடுங்க."

கோபம்தான் ஆச்சியைத் தெருவில் இறக்கியது. "ஏம்மா, என் கடையில முள்ளா கிடக்கு?"

"முள்ளெல்லாம் இல்லீங்க ஆச்சி" என்றாள் அவள். "போன ஆடியில இவளுக்குக் காதுல சீழ். வைத்தியர் கோஷ்ட வேர் கேட்டார். உங்க ஆளுங்க நாளைக்கு வரும்னாங்க. மறுநாள் வந்தேன், நாளைக்குன்னாங்க. அதுக்கு மறுநாளும் நாளைக்குத்தான். ஒம்பது நாள் நடந்தேன். இல்லேன்னு மொத நாளே சொல்லியிருந்தா, பக்கத்து ஊருக்குப் போயிருப்பேன். ரெண்டு நாழிகை வழிதானே."

குழந்தையின் தலையை மெல்லத் திருப்பிக் காட்டினாள். "இந்தப் பக்கம் இப்ப கேக்காது."

அவள் குரலில் கோபம் இல்லை. மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஆச்சிக்கு அந்த ஆடி நினைவு வந்தது. 'கோஷ்டம் இருக்கா?' என்று தான் கேட்டதும், 'நிறைஞ்சிருக்கு ஆச்சி' என்று சேந்தன் சொன்னதும், தான் நிம்மதியாகச் சாப்பிடப் போனதும்.

கடைக்குள் போய்த் தன் கையால் அந்தப் பெட்டியை இழுத்தாள். தூசி. செத்த வண்டு ஒன்று. அடுத்த பெட்டியை இழுத்தாள். அதற்கடுத்ததை இழுத்தாள். சேந்தன் தரையைப் பார்த்து நின்றான்.

தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு ஆச்சி தெருவுக்கு வந்தாள்.

"இது உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?"

"தெரியாது ஆச்சி. அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்னு மட்டும் தெரியும்." தட்டை வாங்கிக்கொண்டு சொன்னார்: "ஆறு மாசம் இருப்பேன். அதுக்கு மேலயும் நான் தேவைப்பட்டா, நான் சரியா சொல்லித் தரலைன்னு அர்த்தம்."

பல்லக்கு, ராசியில்லாத கடை என்று முணுமுணுத்தபடி போயிற்று.

மறுநாள் காலை முதலில் வந்தவர் திப்பிலி கேட்டார். கடையாட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆச்சிதான் வாயைத் திறந்தாள்.

"இல்லை. கீழவீதிக் கடையில கிடைக்கும். எனக்கு வெள்ளிக்கிழமை வருது."

லட்சுமி படியிறங்கவில்லை. வந்தவர் இறங்கினார், வெள்ளிக்கிழமை திரும்பவும் ஏறினார். தை பிறந்தபோது கடை முழுதாய் நிமிர்ந்துவிடவில்லை. ஆனால் வாசலில் நாலு வைத்தியர்கள் காத்து நின்றதைப் பார்த்த கொழுந்தன்மார் உப்புக்கு வேறு இடம் தேடினார்கள். ஆறு மாதம் முடிந்த அன்று மருதையன் தம் துணிமூட்டையை எடுத்துக்கொண்டு நடந்தார். அவரைத் தடுக்கத் தேவை இருக்கவில்லை.

அந்தக் குழந்தை தாயோடு கடைக்கு வரும்போதெல்லாம் ஆச்சி எழுந்து போய், கேட்கும் காதின் பக்கமாகக் குனிந்து பேசுவாள். கேட்காத பக்கத்தைப் பார்க்காமல் ஒருநாளும் திரும்பியதில்லை.

நீதி: தொழிலுக்கு வழிகாட்டியைத் தேடுகிறவர், நமக்கு இனிக்கும் பதிலைச் சொல்கிறவரை விட்டு, 'இல்லை' என்று சொல்லத் துணிந்து நம் குறையை நம் கண்ணாலேயே பார்க்க வைக்கிறவரைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.