செல்லக்கனி சொன்ன "கட்"

ஒரு ஊர்ல ஒரு பள்ளிக்கூடம். உப்பளத்துக்குப் பக்கத்துல. காத்தடிச்சா ஜன்னல் கம்பியில எல்லாம் உப்பு வந்து ஒட்டிக்கும். அந்தப் பள்ளிக்கூடத்துல மூணாப்பு படிக்கிற பிள்ளை ஒருத்தி. பேரு செல்லக்கனி. ம் கொட்டணும் பாப்பா, என்ன? ம் கொட்டினாத்தான் கதை நடக்கும்.

"ம்."

ஆங். அந்தச் செல்லக்கனிக்குப் பிறந்ததுல இருந்தே தொண்டை கரகரன்னு இருக்கும். நோவு ஒண்ணும் இல்லை, அவ குரலே அதுதான். மண்ணு தரையில முறத்தை இழுத்த மாதிரி சரசரன்னு வரும். வீட்டுல அவங்க அப்பாவுக்கு அந்தக் குரலைக் கேட்டாத்தான் சோறு இறங்கும்.

ஆனா வகுப்புல ரூபன்னு ஒரு பையன் இருந்தான். நல்லா ஓடுவான், நல்லா பாடுவான், எல்லாப் பிள்ளைகளும் அவன் பின்னாலதான். ஒரு நாள் செல்லக்கனி பாடம் வாசிக்க எந்திரிச்சா. எஸ்தர் டீச்சர் பலகையில எழுதுறாங்க. இவ வாயைத் திறந்தா. ரூபன் பின்னால இருந்து மெதுவா, "கொர்... கொர்..."ன்னான். தவளை மாதிரி. சுத்தி இருந்த பிள்ளைக வாயைப் பொத்திக்கிட்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சுது.

அப்புறம் செல்லக்கனி தண்ணிக் குழாய்கிட்ட போயி, "கொஞ்சம் தள்ளு"ன்னா. "கொர் கொர்!"

அப்புறம் பக்கத்துல இருக்கிற ஸ்டெல்லாகிட்ட பென்சில் கேட்டா. "கொர் கொர்! ஏலே, தவளைக்குப் பென்சில் வேணுமாம்ல!" அது ரூபன் இல்லை, முத்துக்குட்டி. ரூபனைப் பாத்து எல்லாருக்கும் பழகிப்போச்சு.

அப்போ செல்லக்கனி என்ன செஞ்சா தெரியுமா?

"ம்?"

பேசுறதையே விட்டுட்டா. தண்ணி வேணும்னா கையைக் காட்டுவா. டீச்சர் கேள்வி கேட்டா தலையைக் குனிஞ்சுக்குவா. வெளியே போகணும்னாக்கூட கேக்க மாட்டா, அடக்கிக்கிட்டு உக்காந்திருப்பா. டீச்சரும் பாவம், கூச்சப்படுற பிள்ளைன்னு நினைச்சுக்கிட்டாங்க. ஒரு நாள் அடக்க முடியாம பாவாடை நனைஞ்சுபோச்சு, பெஞ்சுலயே உக்காந்து அழுதா. அன்னைக்கு வீட்டுக்குப் போயி, "நான் இனிமே பள்ளிக்கூடம் போகலைம்மா. உன்கூட உப்பள வேலைக்கு வாரேன்"ன்னா. அவங்க அம்மா, "இந்த வாரம் மட்டும் போ மக்கா, அப்புறம் பாப்போம்"னு தலையைத் தடவினாங்க. ஏன்னு கேட்டதுக்கு அவ சொல்லலை.

அந்த வாரம் எஸ்தர் டீச்சர் வந்து, "பிள்ளைகளா, ஒருத்தரை ஒருத்தர் கேலி பண்ணக் கூடாதுன்னு நாம ஒரு நாடகம் போடப்போறோம். அதைப் போன்ல படம் பிடிச்சு, பெத்தவங்க கூட்டத்துல போட்டுக் காட்டப்போறோம்"னாங்க.

"டீச்சர் டீச்சர், நான்தான் ஹீரோ!" ரூபன் குதிச்சான்.

"ஹீரோன்னா நடுவுல நிக்கணும்டா."

"நிப்பேன் டீச்சர்."

"எல்லாரும் சுத்தி நின்னு கேலி பண்ணுவாங்க. நீ அழணும்."

"அழுதுட்டாப் போச்சு! கிளிசரின் வச்சிருக்கீங்களா டீச்சர்?"

எல்லாரும் சிரிச்சாங்க. செல்லக்கனிக்கு மட்டும் வேஷம் இல்லை. பேசாத பிள்ளைக்கு என்ன வேஷம் குடுக்க? டீச்சர் யோசிச்சு, போனை அவ கையில குடுத்தாங்க. "நீ படம் பிடி கனி. இதுக்கு ஒரு சட்டம் இருக்கு. போன் வச்சிருக்கிறவங்க 'கட்' சொல்ற வரைக்கும் யாரும் நிறுத்தக் கூடாது."

"என்ன சொல்லிக் கேலி பண்றது டீச்சர்?"ன்னு கேட்டா ஸ்டெல்லா.

"உங்களுக்குத் தெரிஞ்ச கேலியையே பண்ணுங்க"ன்னாங்க டீச்சர்.

அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதானே, பாப்பா?

"...கொர் கொர்."

ஆமா. முதல் தடவை எடுத்தாங்க. "கொர் கொர்!" ரூபனுக்கே சிரிப்பு வந்துட்டுது. செல்லக்கனி பேச மாட்டாளே, டீச்சரே பக்கத்துல நின்னு "கட்"டுன்னாங்க.

ரெண்டாந்தடவை. "கொர் கொர் கொர்!" ரூபன் சிரிக்கலை. அவன் பேச வேண்டிய பேச்சு பாதியிலயே மறந்துபோச்சு. டீச்சர் "கட்"டுன்னாங்க.

மூணாந்தடவை ஆரம்பிச்சதும் பெரிய டீச்சர் கூப்பிட்டு விட்டாங்க. "நிறுத்தாம நடிங்க, இந்தா வந்துர்றேன்"னு எஸ்தர் டீச்சர் போயிட்டாங்க.

அப்போ பிள்ளைகளுக்கு உற்சாகம் வந்துட்டுது. கொர் கொர்! கொர் கொர்! கிட்ட கிட்ட வந்தாங்க. ரூபன் வாயைத் திறந்தான், கொர்! மூடினான். மறுபடியும் திறந்தான், கொர்! "ஏலே போதும்ல"ன்னான். "நிசமாவே நிறுத்துங்கல!"

"ஏ, நல்லா நடிக்கிறாம்ல!"ன்னான் முத்துக்குட்டி. கொர் கொர் கொர்!

செல்லக்கனி கையில போன். அதுல ரூபன் மூஞ்சி சின்னதா, சிவந்துபோயி. அவளுக்குத் தெரியும், அது நடிப்பு இல்லைன்னு. அங்க அது தெரிஞ்சவ அவ ஒருத்திதான். அவ என்ன நினைச்சா? இன்னும் கொஞ்சம் கேக்கட்டும்னு நினைச்சா. நினைக்கத்தானே செய்யும், பாப்பா? பேசாம நின்னா.

அப்போ ரூபன் நிமிர்ந்து பாத்தான். போனை இல்லை. அவளை.

நிறுத்தணும்னா இவ வாயைத் திறக்கணும். திறந்தா அந்தக் குரல்தான் வரும். அத்தனை பேரும் வாயில கொர்ரை வச்சுக்கிட்டு நிக்கிறாங்க.  

"கட்!"

கரகரன்னு, அந்த அறை முழுக்கக் கேட்டுது. எல்லாரும் அப்படியே நின்னுட்டாங்க. முத்துக்குட்டி கன்னம் உப்பினது உப்பினபடியே இருந்துது, சத்தம் வெளிய வரலை.

ரூபன் சட்டையில மூக்கைத் துடைச்சுக்கிட்டே வந்தான். "நீ ஏன் நிறுத்துன? நான்தான் உன்னைய..."

"எனக்கு யாரும் கட் சொல்லலைல்லா"ன்னா செல்லக்கனி. "அதான்."

அவ "கட்"டுன்னாளே ஒழிய, போனை அமுக்கி நிறுத்தத் தெரியலை. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துருக்கு. டீச்சர் வந்து போட்டுப் பாத்தாங்க. எல்லாத்தையும் பாத்தாங்க, ரெண்டு பேரும் பேசிக்கிட்டதையும் கேட்டாங்க. பாத்துட்டு, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா கனி?"ன்னாங்க.

"சொல்லணும்னா வாயைத் திறக்கணுமே டீச்சர்."

டீச்சர் தரையில, பிள்ளைகளோட பிள்ளையா உக்காந்துட்டாங்க. "தெரிஞ்ச கேலியையே பண்ணுங்கன்னு தெரியாம நானே சொல்லிட்டேனே"ன்னாங்க. அப்போ செல்லக்கனி மெதுவா, "டீச்சர், வெளியே போயிட்டு வரவா?"ன்னா. "போயிட்டு வா தங்கம், ஓடு"ன்னாங்க. ஓடினா, தடதடதடன்னு.

திரும்பி வந்ததும் டீச்சர் கேட்டாங்க, "இந்தப் படத்தை எல்லாருக்கும் காட்டவா, அழிச்சிரவா? நீ சொல்றதுதான் கனி."

"ரூபன் அழுததை மட்டும் அழிச்சிருங்க டீச்சர்."

ரூபன் தலையை நிமிர்த்தவே இல்லை. "வேண்டாம் டீச்சர், இருக்கட்டும்"னான். "இவளும்தானே அழுதா. அதை யாரும் படம் பிடிக்கலையே."

"ம்... அப்புறம் அவ பள்ளிக்கூடம் போனாளாம்மா?"

போனா. ரெண்டு பேரும் கூட்டாளி ஆயிட்டாங்கன்னு உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். அவன் அவன் பெஞ்சுல, அவ அவ பெஞ்சுல. ஆனா மறுநாள் பாடம் வாசிச்சது செல்லக்கனிதான். சரசரன்னு, கடைசி வரி வரைக்கும். எல்லாரும் கேட்டுக்கிட்டிருந்தாங்க.

"..."

கதையும் படுத்துட்டுது. நீயும் கண்ணை மூடு, செல்லம்.