நடுப்பாறையில் நண்டு ஓடு

மிருகங்களும் பறவைகளும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலையாற்றில் மருதமடு என்று ஆழமான ஒரு மடு இருந்தது. இரண்டு கரையிலும் நீர்மருது மரங்கள். நடுவில் வழவழப்பான ஒரு பாறை. பொழுது சாயும் நேரத்தில் காட்டில் இருக்கிற எல்லோரும் அங்கே தண்ணீர் குடிக்க வருவார்கள். வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

சும்மா மரியாதைக்குக் கேட்பதில்லை. யானைப் பெரியம்மா எல்லோருடைய பதிலையும் மனதில் வைத்துக்கொள்வாள். மூங்கில் தளிர் என்று நிறையப் பேர் சொன்னால், "கொஞ்ச நாளைக்கு மூங்கிலை விடுங்க, துளிர்க்கட்டும்" என்பாள். விட்டுவிடுவார்கள். காடு காலியாகாமல் இருந்தது அப்படித்தான். யார் சொன்னதையும் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. சொன்னால் சொன்னதுதான். இப்போது நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் பெரிய வாயாடி நீர்நாய். "காலையில ஒரு கெண்டைங்க. முள்ளு சிக்கி உசுரே போச்சு. அப்புறம் ரெண்டு தவளை. அதுல ஒண்ணு ஒரே கசப்பு" என்று, சாப்பிட்ட நேரத்தை விட அதிக நேரம் சொல்வாள். கேட்டுச் சிரித்துச் சிரித்துக் குரங்குக்குக் கிளையில் பிடி நழுவும்.

இவ்வளவு பேசுகிறவளுக்கு ஒரே ஒரு விஷயத்தில் வெட்கம். புத்தகத்தில் எச்சம் என்று எழுதுவார்கள். பீதான். யானை வழியெல்லாம் போடுவாள். குரங்கு மேலிருந்தே விடுவான், கீழே யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கமாட்டான். நீர்நாய் மட்டும் ஒதுங்கிப் போய் மணலில் குழி தோண்டி, மூடி, மேலே ஒரு சருகையும் இழுத்துப் போட்டுவிட்டு வருவாள்.

வருஷா வருஷம் கோடை மழையில் புதுத் தண்ணீர் வந்ததும் கீழ் ஆற்றிலிருந்து கெண்டை மீன்கள் மடுவுக்கு ஏறி வரும். ஒரு வருஷம் தண்ணீர் வந்தது, மீன் வரவில்லை. மடுவில் இருந்த கொஞ்ச மீனும் குறைந்துகொண்டே போனது. மீன்கொத்தி மூன்று நாள் பட்டினி. பசி வந்தால் யாருக்கும் நல்ல புத்தி இருப்பதில்லை.

"யாரோ மொத்தமா அள்ளறாங்க பெரியம்மா. நாள் பூரா தண்ணிக்குள்ளயே கிடக்கறது யாருன்னு நானே சொல்லோணுமா?" என்றான் மீன்கொத்தி.

எல்லோரும் நீர்நாயைப் பார்த்தார்கள்.

"நான் மீனைத் தொட்டே ஒரு மாசம் ஆச்சுங்க. வளையில நாலு குட்டி இருக்குது. அதுகளை விட்டுட்டு ஆழத்துக்குப் போக முடியல. கரையோரக் கல்லைப் புரட்டிப் புரட்டி நண்டுதான் திங்கறேன்."

"நண்டா!" என்று குரங்கு சிரித்தான். அவள் பேச்சுக்கு அவன் எத்தனையோ முறை சிரித்திருக்கிறான். இந்தச் சிரிப்பு வேறு.

"நாங்க எல்லாம் வெளிக்குப் போறது ஊருக்கே தெரியும். இவ மட்டும் குழி தோண்டி மூடறா. என்னத்த மறைக்கறா? கேளுங்க பெரியம்மா" என்றான் மீன்கொத்தி.

நீர்நாய் வாயைத் திறந்தாள். வெட்கத்தில் வார்த்தை வரவில்லை. அது போதுமாக இருந்தது அவர்களுக்கு.

யானைப் பெரியம்மா காதை ஆட்டினாள். பிறகு சொன்னாள். "நாளைக்கு வெயில் மரத்து உச்சிக்கு ஏறறதுக்குள்ள மடுவை விட்டுக் கிளம்பிடு கண்ணு."

"குட்டிகளுக்கு இன்னும் நீந்தத் தெரியாதுங்க. கீழே பூரா பாறையும் சுழலும். எப்படிப் போவேன்?"

எல்லோரும் திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டார்கள்.

மறுநாள் வெயில் ஏறியது. நீர்நாய் கிளம்பவில்லை. எல்லோரும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவள் நீந்திப் போய் நடுப்பாறை மேல் ஏறினாள். வாலைத் தூக்கினாள். அத்தனை பேர் முன்னாலும் வெளிக்கு இருந்தாள். அப்புறம் திரும்பிச் சொன்னாள்.

"வந்து பாருங்க. கிளறிப் பாருங்க. ஒரு செதில் இருந்தாலும் நானும் என் குட்டிகளும் சுழல்லயே போறோம்."

யானைப் பெரியம்மா தண்ணீரில் இறங்கிப் போனாள். துதிக்கையில் ஒரு குச்சியைப் பிடித்துக் கிளறினாள். நண்டு ஓடு. நண்டுக் கொடுக்கு. மறுபடி நண்டு ஓடு. ஒரு செதில்கூட இல்லை.

குரங்கு வேறு பக்கம் பார்த்தான். "அப்போ மீன் எங்கேதான் போச்சு?" என்று முணுமுணுத்துக்கொண்டே மீன்கொத்தி ஆற்றோடு கீழே பறந்தான். இதை மூன்று நாள் முன்னாடியே செய்திருக்கலாம். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"ஆறு குறுகற இடத்துல பெரிய மருதமரம் ஒண்ணு குறுக்கே விழுந்து கிடக்குது. கிளையில சருகும் மண்ணும் அடைஞ்சு சுவராட்டம் நிக்குது. கெண்டை எல்லாம் அதுக்குக் கீழே முட்டிக்கிட்டுக் கிடக்குது."

யானைப் பெரியம்மாவின் காது ஆடுவது நின்றுவிட்டது.

"அது நாந்தான்" என்றாள். "முதுகு அரிச்சுதுன்னு போய்ச் சாஞ்சேன். விழுந்துருச்சு. மறந்தே போயிட்டேன்."

அவளே போய் மரத்தை இழுத்துக் கரையில் போட்டாள். மீன் ஏறி வந்தது. மடு நிறைந்தது. மீன்கொத்தி வயிறு முட்டத் தின்றான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தார்கள்.

அன்று பொழுது சாய எல்லோரும் தண்ணீருக்கு வந்தார்கள். நீர்நாயும் வந்தாள். யானைப் பெரியம்மா தணிந்த குரலில் கேட்டாள். "வா கண்ணு. இன்னைக்கு என்ன சாப்பிட்டே?"

எல்லோரும் காத்திருந்தார்கள். அந்த நீளமான பதில் அவர்களுக்கு வேண்டியிருந்தது. முள் சிக்கிய கதையும் கசப்புத் தவளையும் வேண்டியிருந்தது.

நீர்நாய் மூக்கை நடுப்பாறைப் பக்கம் திருப்பிக் காட்டினாள். "அங்க இருக்குது. போய்ப் பாத்துக்கங்க" என்றாள். அதுதான் அவள் பேசிய கடைசிப் பேச்சு. தண்ணீர் குடித்துவிட்டு வளைக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரிடம் கேட்கவும் ஒரு மாதிரி இருந்தது. ஒவ்வொருவராக, தண்ணீர் குடித்தோமா போனோமா என்று ஆனார்கள்.

இன்றைக்கும் ஆற்றை ஆராய வருகிறவர்கள் பாறை பாறையாக ஏறித்தான் நீர்நாயின் சாப்பாட்டைத் தெரிந்துகொள்கிறார்கள். காய்ந்து கிடப்பதைக் குச்சியால் கிளறி, ஓடா செதிலா என்று குனிந்து பார்க்கிறார்கள். அவள் தூரத்தில் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மூழ்கிவிடுவாள். நீர்நாய் எதையும் மூடி மறைக்காமல் திறந்த பாறைமேல் வைத்துவிட்டுப் போவதும், என்ன சாப்பிட்டாய் என்று அவளை யாரும் வாய்விட்டுக் கேட்காமல் போனதும் அன்று முதல்தான்.