மரக்கால் காட்டிய இருமுக எண்

முன்னொரு காலத்தில் வெண்ணெல்லூர் நாட்டைக் கோதண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவனுக்கு இருமுக எண் என்றால் உயிர். பதினொன்று, இருபத்திரண்டு, நூற்றொன்று என்று எந்தப் பக்கமிருந்து படித்தாலும் மாறாத எண்கள் அவை. சத்திரத்துக்கு அளக்கும் அரிசிகூட இத்தனை ஆழாக்கு என்று இருமுக எண்ணில்தான் இருக்க வேண்டும், தவறினால் நாடு கடத்தல் என்று முரசறைந்துவிட்டான்.

களஞ்சியத்தில் அரிசி அளப்பவள் உலகாயி. அவள் வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித் தரச் சமயம் பார்த்திருந்தார் அரண்மனைச் சோதிடர் பூவராகர்.

ஒருநாள் உலகாயி ஆணையை மறந்து, பழைய பழக்கத்தில் ஒரு மரக்கால் அளந்தாள். அளப்பவர்கள் வழக்கப்படி கை தானாக மேலே ஓர் ஆழாக்குக் கொசுறும் போட்டுவிட்டது. பூவராகர் அவளைச் சபைக்கு இழுத்துவந்தார்.

“பிரபு, மரக்காலுக்கு அறுபத்துநாலு ஆழாக்கு. கொசுறோடு அறுபத்தைந்து. திருப்பினால் ஐம்பத்தாறு!”

“உலகாயி, எல்லைக்கு வழி தெரியுமா?” என்றான் ராஜா.

அவள் பிறந்தது முதல் இந்த ஊரைத் தாண்டியதில்லை. கையிலிருந்த அளவைகளைப் பார்த்தாள். சட்டென்று மரக்கால், படி, ஆழாக்கு மூன்றையும் வரிசையாகத் தரையில் வைத்தாள்.

“மகாராஜா, எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். நான் அளந்தது மரக்கால் ஒன்று, படி இல்லை, ஆழாக்கு ஒன்று. எந்தப் பக்கமிருந்து வேண்டுமானாலும் படியுங்கள்.”

ராஜா இரண்டு பக்கமும் நடந்து பார்த்தான். “ஒன்று, சுழி, ஒன்று! அட, நூற்றொன்று மாதிரியே!”

“ஏமாற்று வேலை!” என்றார் பூவராகர். “எண் என்றால் பத்துப் பத்தாகத்தான்.”

“சோதிடரய்யா, உமக்குப் பத்து விரல் இருக்கிறது, பத்துப் பத்தாக எண்ணுகிறீர். அரிசிக்கு விரல் ஏது? அது எட்டெட்டாகத்தான் ஏறும்.”

சபை சிரித்தது. “இதற்கடுத்த இருமுக எண்?” என்றான் ராஜா.

“எழுபத்துமூன்று: ஒன்று, ஒன்று, ஒன்று. பிறகு எண்பத்தொன்று: ஒன்று, இரண்டு, ஒன்று.”

“இனி அரிசிக்கு இதுதான் கணக்கு. களஞ்சியச் சாவியும் உன்னிடமே இருக்கட்டும்.”

பூவராகருக்குப் பொறுக்கவில்லை. “நேற்று நான் அளக்கச் சொன்ன தொண்ணூற்றொன்பதல்லவா பழுதில்லாத எண்!”

“அளந்து காட்டு, உலகாயி.”

மரக்கால் ஒன்று, படி நான்கு, ஆழாக்கு மூன்று. ராஜா மறுபக்கம் போய் நின்றான். மூன்று, நான்கு, ஒன்று.

“சோதிடரே, எல்லைக்கு எத்தனை காதம்?”

“பதினொன்று, பிரபு.”

“விரல்விட்டு எண்ணினால் அதுவும் இருமுக எண்தான். எண்ணிக்கொண்டே புறப்படும்.”