முந்தி வந்த செய்தி

ஒரு காட்டில் குளம் ஒன்று இருந்தது. கிளி, முயல், ஆமை மூன்றும் ஆளுக்கொரு திசையில் அதற்குக் காவல். கண்டதைச் சிங்கராஜாவிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும்.

வந்த செய்திகளைக் கோர்த்து நடந்ததைச் சொல்வது மந்திரி நரியின் வேலை.

"முதலில் வந்தது முதலில் நடந்தது! இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி?" என்று நரி பீற்றிக்கொள்ளும். சிங்கம் உடனே தலையாட்டும். தலையாட்டினால் அழகாக இருக்கத்தானே பிடரி வளர்த்திருக்கிறது!

ஒருநாள் மலையில் பேய்மழை. வெள்ளம் வந்து குளக்கரை உடைந்தது. கரைப் பொந்தில் இருந்த நீர்நாய் தன் குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஓடியது.

கிளி பறந்து வந்தது. "ராஜா! நீர்நாய் குட்டிகளோடு ஓடுகிறது!"

பிறகு முயல் வந்தது. "ராஜா! கரை உடைந்துவிட்டது!"

மலையடிவாரத்தில் காவலிருந்த ஆமை இன்னும் நடந்துகொண்டிருந்தது.

"புரிந்துவிட்டது!" என்று நரி துள்ளியது. "முதலில் நீர்நாய் ஓடியிருக்கிறது. அப்புறம்தான் கரை உடைந்திருக்கிறது. கரையைத் தோண்டிவிட்டுத் தப்பப் பார்த்திருக்கிறது!"

சிங்கம் தலையாட்டி, குட்டிகளோடு அந்த வழியாக ஓடிவந்த நீர்நாயை நிறுத்தியது. "நீர்நாயே, குட்டிகளோடு காட்டைவிட்டு வெளியே போ!"

"ஐயோ ராஜா! வெள்ளம் வந்ததால்தானே ஓடினேன்! இந்தப் பச்சைக் குட்டிகளோடு எங்கே போவேன்?"

"எந்த வெள்ளம்? அப்படிச் செய்தியே வரவில்லையே!" என்றது நரி.

அப்போது மூச்சிரைக்க ஆமை வந்து சேர்ந்தது. "ராஜா! மலையில் வெள்ளம்!"

"கேட்டீர்களா! வெள்ளம் இனிமேல்தான் வரப்போகிறது! மரத்தில் ஏறுங்கள்!" என்று நரி கத்தியது. சிங்கம் பாய்ந்து ஏறி, வழுக்கி, தொப்பென்று சேற்றுத் தண்ணீரில் விழுந்தது.

நீர்நாய் கேட்டது: "மந்திரியாரே, உங்கள் வயிறு வரை நனைத்து நிற்கிறதே, இது எந்தத் தண்ணீர்?"

நரி குனிந்து பார்த்தது. வாலைச் சுருட்டிக்கொண்டு மெல்ல நழுவியது. சிங்கம் தண்டனையை ரத்து செய்துவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி குகைக்குப் போனது.

நீர்நாய் காவல்காரர்களிடம் சொன்னது: "மரங்கொத்தி கொத்துவது காடு முழுக்கக் கேட்கிறது. எதைப் பார்த்தாலும், அது எத்தனையாவது கொத்தின்போது நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். யார் எப்போது வந்து சேர்ந்தாலும் குழப்பம் வராது."

இதை ஒட்டுக்கேட்ட நரி குகைக்கு ஓடியது. "ராஜா, எனக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது!"

சிங்கம் தலையாட்டி நரிக்கு மாலை போட்டது. அது நீர்நாயின் யோசனை என்று சொல்ல ஆமை கிளம்பியிருக்கிறது. இன்னும் போய்ச் சேரவில்லை.

முந்தி வந்த செய்தியையே முந்தி நடந்ததாக நம்புகிறவன், குற்றமற்றவனைத் தண்டிப்பான். திருடனுக்கு மாலை போடுவான்.