ஜுமானா தின்ற சுவர்

"தைக்கா ஒட்டகத்துக்கு ராஜ விருந்து நடக்கிறதாம். அது சுவரைத் தின்கிறதாம்."

கிணற்றடியில் யாரோ சொல்ல, யாரோ சிரித்தார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் புல் அலசிக்கொண்டிருந்த யூனுஸின் கை அப்படியே நின்றது.

பாலைவனத்து ஓரத்தில் ஞானவழி நாடியவர்கள் சிலர் கூடி வாழ்ந்த மண் கட்டடம்தான் அந்தத் தைக்கா. சீடராக வந்து சேரும் முன் யூனுஸ் பட்டணத்தில் அத்தர் வியாபாரி. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கடையை விட்டார், வீட்டை விட்டார். சுத்தத்தை மட்டும் அவரால் விட முடியவில்லை. தூசு பட்டால் அவருக்கு உடம்பு கூசும். தண்ணீர் கிடைக்காத இடத்தில் சுத்தமான மண்ணில் உள்ளங்கையைப் பதித்து முகத்தையும் கையையும் தடவிக்கொண்டு தொழலாம் என்று மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதைக்கூட அவர் ஒருநாளும் செய்ததில்லை. எங்கே போனாலும், தொழுமுன் முகமும் கைகாலும் கழுவி ஒலுச் செய்வதற்கென்று தனியாக ஒரு தோல்பை தண்ணீர் சுமந்து போவார்.

ஜுமானா தைக்காவுக்கு நேர்ச்சையாக வந்த பெண் ஒட்டகம். வந்த நாள் முதல் யூனுஸின் பொறுப்பு. குளிர் தொடங்கும்போது மேய்ப்பர்கள் மந்தையைக் கிழக்கே கசப்பு நிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போவது அந்தப் பக்கத்து வழக்கம். இறைவனுக்கென்று விட்ட உயிர் அப்படி அலைய வேண்டாம் என்று யூனுஸ் ஜுமானாவை நிறுத்திக்கொண்டார். தோட்டத்துப் புல், பார்லி, பேரீச்சம்பழம், இனிப்புக் கிணற்றுத் தண்ணீர். புல்லையும் ஒரு துளி மண் இல்லாமல் அலசித்தான் போடுவார்.

போன ஈற்றில் அவள் போட்ட குட்டி எழுந்து நிற்கவில்லை. முன்னங்கால்கள் ஊன்றின. பின்னங்கால்கள் ஈரத்துணி மாதிரி இழுபட்டன. யூனுஸ் அதைத் தோளில் தாங்கித் தாயின் மடிக்குக் கொண்டுபோய்ப் பால் குடிக்க வைத்தார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

இப்போது அவள் மறுபடியும் சினை. மயிர் நிறம் வெளுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. தீனியில் பாதியை அப்படியே வைத்துவிடுகிறாள். இன்னொரு குட்டி அப்படி விழுந்து கிடப்பதைப் பார்க்கத் தனக்குத் தெம்பில்லை என்பது யூனுஸுக்குத் தெரிந்திருந்தது.

அலசிய புல்லைப் போட்டுவிட்டுக் கொட்டிலின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். கிணற்றடிப் பேச்சு பொய்யில்லை. சுவரில் ஒரு தலை நுழையும் அளவுக்குக் குழி. அவருக்கு அவமானமாக இருந்தது. சுண்ணாம்பு குழைத்துக் குழியை அடைத்தார். ஈச்சநாரில் வாய்க்கூடு பின்னி ஜுமானாவுக்கு மாட்டினார்.

அந்த வாரம்தான் குரு ருமைசா நீண்ட யாத்திரை முடிந்து திரும்பினார். யூனுஸைவிடப் பத்து வயது இளையவர். யூனுஸை எப்போதும் 'அத்தர்காரரே' என்றுதான் கூப்பிடுவார். அதில் பாதி மரியாதை, பாதி கேலி.

வாய்க்கூட்டைப் பார்த்தார்.  யூனுஸ் எல்லாவற்றையும் கொட்டினார். செத்துப்போன குட்டி, சுவர், கிணற்றடிச் சிரிப்பு. 

"நான் ஒரு குறையும் வைக்கவில்லை, தாயே. இவளுக்கு இன்னும் என்னதான் வேண்டும்?"

"எனக்கும் தெரியாதே" என்றார் ருமைசா. "அதிருக்கட்டும். உங்கள் அத்தர் ஏன் அவ்வளவு பேர்போனது?"

யூனுஸுக்கு அந்த நேரத்திலும் முகம் மலர்ந்தது. மற்றவர்கள் அத்தர் மாலைக்குள் மணம் போய்விடும், தன்னுடையது மறுநாளும் துணியில் நிற்கும், காரணம் அதில் சேரும், திமிங்கிலம் கக்கிக் கரை ஒதுங்கும் அம்பர் என்றார்.

"ஒரு ஜாடிக்கு எவ்வளவு?"

"விரல் நுனியில் ஒட்டுகிற அளவு."

"அம்பர் பார்க்க எப்படி இருக்கும்?"

யூனுஸ் தயங்கினார். "கடற்கரையில் காய்ந்து கிடக்கும் சாணி மாதிரி."

"அலசிவிட்டுத்தான் சேர்ப்பீர்களோ?"



ருமைசா வாய்க்கூட்டைக் கழற்றினார். கட்டுக்கயிற்றையும் அவிழ்த்தார். "வாருங்கள், அவளையே கேட்போம்."

ஜுமானா வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். மூக்கைத் தூக்கிக் காற்றைப் பிடித்தாள். பிறகு கிழக்கே நடந்தாள். சினை வயிற்றோடு அவள் அப்படி நடப்பாள் என்று யூனுஸ் நினைக்கவே இல்லை. இருவரும் தண்ணீரைத் தோள்களில் மாட்டிக்கொண்டு பின்னால் போனார்கள்.

கசப்பு நிலம் என்பது ஒரு சிவந்த குன்றின் அடிவாரம். பாறைகளில் செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறியது போலப் பச்சைக் கீறல்கள். உவர்ச் செடிகளைத் தவிர ஒன்றும் முளைக்காது. தண்ணீர் அரைநாள் தொலைவில். தூசு எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது.

பேரீச்சம்பழத்தைத் திரும்பிப் பார்க்காத ஜுமானா, அந்தத் தூசுச் செடியைக் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். ஒரு செடியில் ஒரு வாய். அடுத்ததை முகர்ந்துவிட்டு விட்டாள். அதற்கடுத்ததில் இரண்டு வாய். பிறகு பச்சைக் கீறலுக்குக் கீழே உதிர்ந்திருந்த சிவப்பு மண்ணை நாக்கை நீட்டி நக்கினாள். கொஞ்சம்தான். நிறுத்திக்கொண்டாள்.

யூனுஸ் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். யாரோ அவள் காதில் சொல்லி, அவள் கேட்டு நடப்பது போல இருந்தது.

"இந்த மண்ணை நான் மூட்டை கட்டி எடுத்து வரட்டுமா? வேளாவேளைக்குத் தீனியில் கலந்து கொடுத்துவிடலாம்" என்றார் மெதுவாக.

"ஜாடியில் ஒரு கைப்பிடி அம்பரைப் போட்டால் என்ன ஆகும்?"

"நாறும்."

"அப்படியானால் அவளே எடுத்துக்கொள்ளட்டும்."

குளிர்காலம் முழுவதும் அங்கேயே தங்கினார்கள். யூனுஸ் அரைநாள் நடந்து தண்ணீர் கொண்டுவந்தார். ஜுமானாவின் மயிர் மெல்ல மெல்லக் கறுத்துத் தடித்தது. ஒருநாள் யூனுஸ் அதில் கையை வைத்துவிட்டு எடுக்கவே மனமில்லாமல் நின்றார்.

குளிர் முடியும் தறுவாயில், ஒரு பின்னிரவில் ஜுமானா ஈன்றாள்.

யூனுஸ் திரும்பி உட்கார்ந்துகொண்டார். முதுகுக்குப் பின்னால் சத்தம் மட்டும் கேட்டது. ஈரமான ஏதோ மண்ணில் புரண்டது. எழ முயன்று விழுந்தது. மறுபடி விழுந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.

அவர் தோளில் சூடான மூச்சு பட்டது. திரும்பினார்.

குட்டி நின்றுகொண்டிருந்தது. நான்கு கால்களும் நான்கு பக்கம் நடுங்கின; ஆனால் நின்றுகொண்டிருந்தது. அவரை ஒரு கணம் பார்த்தது. பிறகு தட்டுத்தடுமாறித் தாயின் மடியைத் தேடிப் போனது. யாரும் தாங்கவில்லை.



"தாயே, அந்தக் குட்டி எழவில்லை. இது எழுந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் எவ்வளவு இருக்கும்?"

ருமைசா குனிந்து அவருடைய பாதங்களைப் பார்த்தார்.

"இப்போது உங்கள் காலில் மண் ஒட்டியிருக்கிறதே, அதைவிடக் குறைவு."

கிழக்கு வெளுத்துவிட்டது. தொழுகை நேரம். மிச்சமிருந்தது ஒலுவுக்கென்று யூனுஸின் தோல்பையில் இருந்த தண்ணீர் மட்டுமே. அவர் அதன் வாயை அவிழ்த்தார். ஈன்ற களைப்பில் கழுத்தை நீட்டிக் கிடந்த ஜுமானாவின் வாயில் கடைசித் துளிவரை ஊற்றினார்.

பிறகு குன்றடிக்கு நடந்து போய் மண்டியிட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் அந்தச் சிவப்பு மண்ணில் பதித்தார். எடுத்து, முகத்தைத் தடவிக்கொண்டார்.