அட்டையில் ஒரு பெயர்

கம்ப்யூட்டர் என்றால் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து என்றிருந்த காலம். கையேட்டில் ஒரு வரியைத் திருத்த வேண்டுமென்றால் அதைப் புதிதாகத் தட்டச்சு செய்து, கத்தரித்து, பழைய வரியின் மேல் பசை தடவி ஒட்ட வேண்டும். சென்னை கிண்டியில் அப்படிக் கத்தரிக்கோலும் கையுமாக ஓர் அறை இருந்தது. ஆலைகளில் சம்பளக் கணக்குப் போடும் எந்திரங்களை விற்ற கம்பெனி அது. எந்திரத்தோடு போகும் தமிழ்க் கையேடு அந்த அறையில்தான் உருவானது.

அறைக்குத் தலைவி மங்களநாயகி. அவரிடம் தொழில் கற்க வந்த அருளானந்தம் அவரைவிட வயதில் மூத்தவர். கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் வேலையை உதறிவிட்டு வந்திருந்தார். "மெஷினுக்குப் பரணி பாடப் போறீரா?" என்று பழைய சகாக்கள் கேலி செய்தது மனிதரை வாட்டிக்கொண்டே இருந்தது. அவர்கள் வாயை அடைக்க ஒரே வழிதான் அவருக்குத் தெரிந்தது.

முதல் கையேடு அச்சுக்குப் போகும் நாளில் மெல்ல ஆரம்பித்தார்.

"மேடம், அட்டையில எம்பேரு வருமா?"

"கையேட்டுக்கு யாரும் பேர் போடறதில்ல, புலவரே."

"ஏன் போடக்கூடாது? எழுதினது நான்தானே?"

மங்களநாயகி தட்டச்சு எந்திரத்தின் முன் உட்கார்ந்தார். 'ஆக்கியோன்: புலவர் சூ. அருளானந்தம்' என்று தட்டச்சு செய்து, கத்தரித்து, அட்டையில் ஒட்டினார். அதன் கீழே இன்னொரு துண்டையும் ஒட்டினார். அது அருளானந்தத்தின் மேஜையிலிருந்த ஃபோனின் எண்.

புலவருக்குத் தலைகால் புரியவில்லை. அச்சானதும் கல்லூரிக்கு ஒரு பிரதி அனுப்பினார்.

எந்திரங்கள் ஊர் ஊராகப் போயின. ஃபோன் அடிக்க ஆரம்பித்தது.

"புலவருங்களா? உடுமலப்பேட்டைங்க. 'திரை ஒளிரும் வரை பொறுத்திருக்க'ன்னு எழுதியிருக்கீங்க. காலைல இருந்து பொறுத்துட்டே இருக்கறமுங்க."

"சுவிட்சைப் போட்டீங்களா?"

"அதை நீங்க எழுதலீங்களே!"

அடுத்தது அம்பாசமுத்திரம்.

"ஐயா, பிளாப்பியைக் கண்ணின் மணிபோல் காக்கச் சொல்லியிருக்கீய. மொதலாளி பீரோவுல வச்சுப் பூட்டிட்டாரு. சாவி அவரோட காசிக்குப் போயிட்டு. அது இல்லாம மெஷின் ஓடலய, நாங்க சம்பளம் எப்படிப் போட?"

இன்னொரு ஊரில், 'பிழை நேரின் முதலிலிருந்து தொடங்குக' என்பதைப் படித்துவிட்டு, எந்திரத்தைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து, மறுபடி பெட்டியைப் பிரிப்பதிலிருந்து தொடங்கியிருந்தார்கள்.

அருளானந்தம் ரிசீவரை டொக்கென்று வைத்தார்.

"சரியான மடையங்க, மேடம்!"

"அப்படியா? அதையும் கையேட்டுல சேர்த்துடலாமா?"

மங்களநாயகி பசைப் புட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஃபோனுக்கும் ஒரு வரி மாறியது. பொறுத்திருத்தல் போய், 'சுவிட்சைப் போடவும்' வந்தது. கண்ணின் மணி குப்பைக்கூடைக்குப் போகுமுன் மட்டும் புலவர் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துக்கொண்டார். போகப் போக, எழுத உட்கார்ந்தாலே உடுமலைக்காரர் எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டார். "அப்புறமுங்க?" என்று அவர் கேட்பதற்குள் அடுத்த வரியை எழுதிவிட வேண்டும் என்று புலவருக்கு ஒரு வெறி. அந்த வேலை அவருக்குப் பிடித்தும் போயிற்று.

திருத்திய பதிப்பு எல்லா ஆலைகளுக்கும் போனது. ஃபோன் குறைந்தது. பிறகு நின்றே போனது.

ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார் அருளானந்தம். லைன் நன்றாகத்தான் இருந்தது. முகம் வாடி மங்களநாயகியிடம் போனார்.

"மேடம், ஒருத்தரும் கூப்பிடறதில்ல. என்னை மறந்துட்டாங்க."

"மெஷின் ஓடுதா?"

"ஓடுது. நானே ஊர் ஊராக் கூப்பிட்டு விசாரிச்சேன். சம்பளமெல்லாம் சரியாப் போகுதாம்."

"கையேடு?"

"மெஷின் பக்கத்துலயேதான் இருக்காம். புரட்டிப் புரட்டி அட்டை கிழிஞ்சு போச்சாம். எம்பேரு அதோட போச்சு."

"உள்ள?"

"உள்ள ஒரு தாள்கூடப் போகலயாம். பத்திரமா வச்சிருக்காங்க."

சொல்லிவிட்டுத் தன் மேஜையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆனா ஒரு சத்தமும் இல்ல, மேடம்."

மங்களநாயகி சிரித்துவிட்டார்.

"அதைத்தானே புலவரே, இத்தனை நாளா உட்கார்ந்து எழுதினீங்க?"