களை பறிக்க வந்த ஆள்

"அம்மா, தோட்டத்தில் களை பறிக்கிறாரே, அவரை எப்படியாவது ஊருக்கு அனுப்பிவிடுங்கள்."

குரு தெய்வானையின் முன் கைகட்டி நின்றார் சிதம்பரநாதன். கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்று, இந்த மலை ஆசிரமத்துக்கு வந்தவர். குருவைவிட இருபது வயது மூத்த சீடர்.

"நாம் யாரையும் வேலைக்குக் கூப்பிடவில்லையே, ஐயா. யார் அவர்?"

"ஏகாம்பரம். என் அண்ணன்."

"அண்ணன் எதற்குக் களை பறிக்கிறார்?"

சிதம்பரநாதன் தரையைப் பார்த்தார். குருவே மேலும் கேட்டார்:

"காலையில் பஸ்ஸில் வந்தவர்களுக்கு என்ன காட்டினீர்கள்?"

"வேலியில் பூத்த காட்டு ரோஜாவையும் பேரிக்காய்ப் பூவையும். ரோஜா, பேரி, பிளம்ஸ், பீச் எல்லாம் ஒரே குடும்பம் என்றேன்."

"நம்பினார்களா?"

"சிரித்தார்கள். முள்செடிக்கும் பழமரத்துக்கும் என்ன உறவு என்று கேட்டார்கள். பூவைப் பாருங்கள் என்றேன். அடியில் ஐந்து புல்லி, மேலே ஐந்து இதழ், நடுவே கொத்தாக மகரந்தத் தாள்கள். இரண்டிலும் எண்ணிக் காட்டினேன். கை தட்டினார்கள்."

"பிறகு?"

"அப்போதுதான் அண்ணன் வந்தார். அழுக்கு வேட்டி, தோளில் மஞ்சள் பை. கூட்டத்தில் ஒரு அம்மாள், 'சார், இவரும் உங்க குடும்பமா? மூக்கு அப்படியே உரிச்சு வெச்ச மாதிரி இருக்கே!' என்றார். எல்லாரும் சிரித்தார்கள்."

"நீங்கள்?"

"'சேச்சே, களை பறிக்க வந்த ஆளு' என்றேன்."

"அதற்கு அண்ணன்?"

"அண்ணன் மறுக்கவில்லை, அம்மா. 'ஆமாங்க' என்றார். பையைக் கிளையில் மாட்டிவிட்டு, உட்கார்ந்து பறிக்கவே ஆரம்பித்துவிட்டார். பையை எட்டிப் பார்த்தேன். மகள் கல்யாணப் பத்திரிகை. சித்தப்பா என்று முதலில் என் பெயரைத்தான் போட்டிருக்கிறார். எந்த முகத்தோடு அவரிடம் போவேன்? நீங்களே சொல்லி அனுப்புங்கள்."

குரு எழுந்து போய் ஒரு களைக்கொத்தியை எடுத்துவந்தார். அதை அவர் கையில் வைத்தார்.

"பாத்தி இன்னும் பாதி இருக்கிறது."

வெளியே, வந்தவர்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

சிதம்பரநாதன் அவர்கள் கண்ணெதிரே நடந்தார். வெள்ளை வேட்டியோடு, ஈரமண்ணில், அண்ணன் பக்கத்தில் மண்டியிட்டார்.

"அண்ணே..."

ஏகாம்பரம் நிமிரவில்லை. கை மட்டும் புல்லை வேகமாகப் பிடுங்கியது.

"எழுந்து போடா," என்றார் மெதுவாக. "பஸ் இன்னும் கெளம்பல. அவங்க பாத்துடப் போறாங்க."